லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் 'உம்ம்ம்' என்று இரைகிறதா?

லேப்டாப் வாங்கிய சில நாட்களிலேயே பலருக்கும் ஓர் ஆசை வரும். லேப்டாப்பில் உள்ள சின்ன ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டால் திருப்தி வராது. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஹோம் தியேட்டரோ, பழைய ஆம்ப்ளிஃபயரோ இருக்கும். கடையில் ஓர் ஒயர் வாங்கி வந்து, ஒரு முனையை லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரிலும் செருகுவார்கள். பாட்டு வரும். கூடவே 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வரும். பாட்டை நிறுத்தினாலும் இரைச்சல் நிற்காது.

உடனே லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக் கொண்டு போவார்கள். கடைக்காரர் பேட்டரியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து இணைத்தால் மீண்டும் அதே இரைச்சல். இதில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலான வீடுகளில் லேப்டாப்பும் நன்றாக இருக்கும், ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருக்கும். இரண்டையும் இணைக்கும்போது மின்சாரம் போகும் பாதையில்தான் சிக்கல்.

புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. எனவே காரணம் என்ன, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது, எதை மட்டும் செய்யவே கூடாது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

என்ன சத்தம் என்று முதலில் கவனியுங்கள்

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. சத்தத்தின் தன்மையை வைத்தே பாதி காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

1. 'உம்ம்ம்' என்ற கனமான சத்தம்: நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. அதாவது 50 ஹெர்ட்ஸ். இந்த அலையோ, அதன் இரண்டு மடங்கான 100 ஹெர்ட்ஸோ ஆடியோ ஒயருக்குள் நுழைந்தால் இப்படிக் கேட்கும். பெரும்பாலும் எர்த் தொடர்பான பிரச்சினை.

2. 'ங்ஙீ' என்ற மெல்லிய, கூர்மையான சத்தம்: மௌஸை நகர்த்தும்போதும் பைலைக் காப்பி செய்யும்போதும் இது மாறும். லேப்டாப்புக்குள் ஓடும் மின்சாரமோ, அடாப்டரோ காரணம்.

3. 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று வீசுவது போன்ற சத்தம்: வால்யூமைத் தவறான இடத்தில் வைத்திருக்கலாம். எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

4. 'கர கர' சத்தம்: ஒயரை ஆட்டினால் கூடும், குறையும். ஜாக் தளர்ந்திருக்கும் அல்லது ஒயர் உள்ளே அறுந்திருக்கும்.

5. 'டிக்-டிக்-டிர்ர்ர்' என்று விட்டு விட்டு வரும் சத்தம்: பக்கத்தில் உள்ள செல்போன். 2ஜி முறையில் இயங்கும் போன் நொடிக்கு சுமார் 217 முறை விட்டுவிட்டு அலையை அனுப்புகிறது. அதை ஆடியோ ஒயர் ஆண்டெனா போலப் பிடித்துக் கொள்கிறது. போனை இரண்டு அடி தள்ளி வைத்தால் போதும்.

இவற்றில் முதல் இரண்டும்தான் பலரைப் படுத்துகின்றன. அவற்றை விரிவாகப் பார்ப்போம்.

இரைச்சல் எப்படி நுழைகிறது?

உங்கள் லேப்டாப் அடாப்டரின் பிளக்கைப் பாருங்கள். அதில் மூன்று பின் இருக்கலாம், இரண்டு பின் இருக்கலாம். இரண்டிலும் இரைச்சல் வரும். ஆனால் காரணம் வேறு வேறு.

மூன்று பின் அடாப்டரில் மேலே தனியாக, நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது எர்த் பின். பல அடாப்டர்களில் இந்த எர்த், லேப்டாப்பின் உள்பகுதி வரை தொடர்ந்து செல்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்று பின் பிளக் இருந்தால் அதுவும் எர்த்துடன் இணைந்திருக்கும். இப்போது ஆடியோ ஒயரைச் செருகுகிறீர்கள். அந்த ஒயரின் மேல் சுற்றியுள்ள கம்பி வலை, லேப்டாப்பின் எர்த்தையும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் இணைத்துவிடுகிறது. சுவருக்குள் ஒரு பாதை, ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு பாதை. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

லேப்டாப் ஓர் அறையில் உள்ள சாக்கெட்டிலும், ஆம்ப்ளிஃபயர் ஹாலில் உள்ள சாக்கெட்டிலும் இருந்தால் இரண்டு எர்த்தும் சரிசமமாக இருக்காது. பிரிட்ஜ், போர் மோட்டார் போன்றவற்றில் இருந்து கசியும் சிறிதளவு மின்சாரம் எர்த் ஒயரில் ஓடிக் கொண்டே இருக்கும். அதனால் இரண்டு இடங்களுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் வளையத்தில் மின்சாரத்தை ஓட வைக்கிறது. அதில் ஒரு பகுதி பாட்டோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது.

சில மில்லிவோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். வீட்டு ஆடியோ கருவிகளுக்குள் செல்லும் பாட்டே சுமார் 300 மில்லிவோல்ட்தான். அதில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் கலந்தாலும் 300ல் ஒரு பங்கு. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது தெரியாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வாத்தியம் அடங்கும் இடத்தில் நன்றாகக் கேட்கும்.

இரண்டு பின் அடாப்டரில் எர்த்தே இல்லை. அப்படியானால் வளையமும் இல்லை, இரைச்சல் எப்படி? இந்த அடாப்டர்களுக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். ரேடியோ, டிவி போன்றவற்றுக்குத் தொந்தரவு வராமல் இருக்க அது தேவை. அதன் வழியாக மிக மிகக் குறைந்த மின்சாரம் எப்போதும் கசியும். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி தடவினால் விரலில் 'ஜிவ்' என்று ஓர் உணர்வு வருகிறதே, அது இதுதான். தரமான அடாப்டரில் இந்தக் கசிவு ஆபத்தில்லாத அளவுக்குள் இருக்கும். ஆடியோ ஒயரைச் செருகியதும் அது ஒயரின் வலை வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய் இரைச்சலாகிறது. விலை குறைந்த போலி அடாப்டர்களில் இது அதிகம். பாதுகாப்பும் சந்தேகம்தான். எனவே கம்பெனி அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

ஐந்து நிமிடச் சோதனை

பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ஆம்ப்ளிஃபயர் வால்யூமை முழுக்கக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்ற அதிர்வில் ஸ்பீக்கர் பாழாகலாம்.

முதல் சோதனை: ஆம்ப்ளிஃபயரில் இருந்து ஆடியோ ஒயரை முழுவதுமாக எடுத்துவிட்டு, வால்யூமை வழக்கமான அளவில் வையுங்கள். இப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில்தான். ஒயரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரிலேயே விட்டுவிட்டு மறுமுனையைத் தொங்க விட்டுச் சோதிக்காதீர்கள். தொங்கும் முனை தானாகவே இரைச்சலைப் பிடிக்கும்.

இரண்டாவது சோதனை: லேப்டாப்பில் ஹெட்போனை நேரடியாகச் செருகிக் கேளுங்கள். அதிலேயே இரைச்சல் இருந்தால் லேப்டாப்பின் சவுண்ட் பகுதி சரியில்லை.

மூன்றாவது சோதனை: லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைத்துப் பாட்டை ஓடவிடுங்கள். பின் அடாப்டரைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் அடாப்டரும் எர்த்தும்தான் காரணம். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

நான்காவது சோதனை: பேட்டரியில் ஓடும்போதும் இரைந்தால், லேப்டாப்பில் வேறு என்ன இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிரிண்டர், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒயர், நெட்வொர்க் ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரோடு டிவியும் இணைந்திருந்தால் கேபிள் டிவி ஒயரையோ, டிஷ் ஒயரையோ செட்டாப் பாக்ஸில் இருந்து கழற்றிப் பாருங்கள். அந்த ஒயர் வெளியே வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கும். அதனால் வளையம் மொட்டை மாடி வரை, சில சமயம் தெரு வரை நீளும்.

ஐந்தாவது சோதனை: டியூப் லைட், மின்விசிறி ரெகுலேட்டர், எல்இடி பல்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் மாறினால் ஆடியோ ஒயர் அவற்றின் ஒயருக்கு மிக அருகில் போகிறது என்று பொருள்.

எர்த் பின்னை வெட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மைக் செட் தொழிலில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவர், அறந்தாங்கி பக்கம் ஒரு கல்யாண வீட்டில் என் எதிரிலேயே சொன்னார். "தம்பி, அந்த எர்த் பின்னை ஒடிச்சு விட்டா சத்தம் போயிரும். ரொம்ப ஈஸி."

"போயிரும்ணே. ஆனா மைக்கைப் பிடிக்கிறவங்க கதி?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. எர்த்தைத் துண்டித்தால் வளையம் அறுந்துவிடும். இரைச்சலும் நிற்கும். ஆனால் எர்த் எதற்காக இருக்கிறது? ஆம்ப்ளிஃபயருக்குள் பேஸ் ஒயர் தளர்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் முழுவதும் எர்த் வழியாகப் பாய்ந்து பியூஸ் போகும் அல்லது டிரிப்பர் விழும். எர்த் பின் இல்லாவிட்டால் பியூஸ் போகாது. பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஆடியோ ஒயரின் வலை அந்தப் பெட்டியோடு இணைந்திருப்பதால் அதே 230 வோல்ட் லேப்டாப்புக்கும் மைக்கின் உலோக உடலுக்கும் போகும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மைக்கைப் பிடிப்பவர் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். கோவில் வாசலில் செருப்புப் போட்டுக் கொண்டு யாரும் பேசுவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கல்யாண வீட்டில் பின்னை ஒடிக்காமலேயே இரைச்சலை நிறுத்தினோம். லேப்டாப் அடாப்டரைப் பந்தலில் இருந்த சாக்கெட்டில் இருந்து எடுத்து, ஆம்ப்ளிஃபயர் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினோம். அவ்வளவுதான்.

மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் போடுவதும், எர்த் பின்னில் டேப் ஒட்டுவதும் இதே தவறுதான். அதேபோல, எர்த் இல்லாத பழைய வீடுகளில் சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். இது இன்னும் ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் எல்லாக் கருவிகளின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும்.

உங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் பல ஊர்கள் பாறையும் செம்புரான் கல்லும் கொண்ட வறண்ட நிலத்தில் இருக்கின்றன. காய்ந்த மண்ணில் எர்த் குழி சரியாக வேலை செய்யாது. கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். எர்த் அமைப்பதற்கென்றே ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தர விதிமுறை உள்ளது. அதன்படி போட்டுத் தரச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லியாம்ப் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றையும் மெயின் போர்டில் பொருத்திவிட்டால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாதுகாப்பு.

செலவில்லாத வழிகள்

ஒரே இடத்தில் இருந்து மின்சாரம்: லேப்டாப், ஆம்ப்ளிஃபயர், டிவி எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். எர்த் வித்தியாசம் வெகுவாகக் குறையும். பாக்ஸில் உண்மையிலேயே எர்த் இணைப்பு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். துளை மூன்று இருந்தும் உள்ளே ஒயர் இரண்டே இருக்கும் பாக்ஸ்களும் கடைகளில் உண்டு. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றை அதில் சேர்க்காதீர்கள்.

ஒயரைப் பிரித்துப் போடுங்கள்: ஆடியோ ஒயரும் கரண்ட் ஒயரும் சேர்ந்து ஒரே கட்டாகப் போகக் கூடாது. ஓரடியாவது இடைவெளி வேண்டும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கூட்டல் குறி போல நேர் குறுக்காகக் கடக்கட்டும். மிச்ச ஒயரை அடாப்டர் மேல் சுருட்டி வைக்காதீர்கள்.

வால்யூமைச் சரியாக வையுங்கள்: லேப்டாப்பில் 20 சதவீதம் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்பினால், பாட்டோடு இரைச்சலும் பல மடங்கு பெருகும். லேப்டாப்பிலும் பிளேயர் சாப்ட்வேரிலும் 80 முதல் 90 சதவீதம் வையுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரில் தேவையான அளவு கூட்டுங்கள். 'உஸ்ஸ்' சத்தம் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

பேட்டரியில் ஓட்டுங்கள்: ஒரு படம் பார்க்கவோ, இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கவோ மட்டும் என்றால் முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு அடாப்டரைக் கழற்றி வையுங்கள்.

சில நூறு ரூபாயில் தீர்வு

மேலே சொன்னவற்றில் அடங்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சில நூறு ரூபாய்தான். ஒரு பக்கம் லேப்டாப்பில் இருந்து வரும் ஒயர், மறுபக்கம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர். இதற்குக் கரண்ட் தேவையில்லை.

இதற்குள் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும். பாட்டு காந்த அலையாக மாறி மறுபக்கம் போகும். இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. எனவே வளையம் அறுந்துவிடுகிறது. கருவிகளின் எர்த் அப்படியே இருக்கும். எர்த் பின்னை வெட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அங்கே பாதுகாப்பு அறுகிறது, இங்கே இரைச்சலின் பாதை மட்டும் அறுகிறது.

மிக மலிவான ஐசொலேட்டரில் தவில், மிருதங்கம் போன்றவற்றின் கனமான ஓசை கொஞ்சம் குறையும். வாங்கும்போது போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பெரிய டிரான்ஸ்பார்மருக்கு மிக அருகில் வைத்தால் இதுவே இரைச்சலைப் பிடிக்கும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். லேப்டாப்புக்குள் உள்ள சவுண்ட் பகுதியே மோசம் என்றால், அதாவது ஹெட்போனிலேயே இரைச்சல் கேட்டால், பலன் உண்டு. ஆனால் கிரவுண்ட் லூப் இதனால் போகாது. யூஎஸ்பி ஒயரிலும் லேப்டாப்பின் கிரவுண்ட் வரத்தானே செய்கிறது.

புளூடூத் ரிசீவர் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் நடுவில் ஒயரே இல்லை. இரைச்சல் வர வழியும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அந்த ரிசீவருக்கு அதன் சொந்த பேட்டரி இருக்கட்டும். லேப்டாப்பின் யூஎஸ்பியில் இருந்தே அதற்குக் கரண்ட் கொடுத்தால் விட்ட வளையத்தை நாமே திரும்பக் கட்டியது போலாகும். புளூடூத்தில் சத்தம் சற்றுத் தாமதமாக வரலாம். பாட்டுக்குப் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் கீபோர்டு வாசித்துப் பழகுபவர்களுக்கு ஒத்து வராது.

பள்ளி ஆண்டு விழா, கோவில் திருவிழா

இப்போது ஊர் மைக் செட்களிலும் லேப்டாப்பில் இருந்துதான் பாட்டு ஓடுகிறது. மேடையில் பிள்ளைகள் ஆடும் பாட்டு, நாடகத்துக்கு இடையே வரும் சத்தம் எல்லாம் லேப்டாப்பில் இருக்கும். லேப்டாப் ஓரிடம், மிக்ஸர் ஓரிடம், நடுவே நீண்ட ஒயர். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண ஆடியோ ஒயர் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் போனால் இரைச்சல் கூடும். இங்கே வேறு முறை வேண்டும்.

மைக்குக்குப் போகும் தடித்த எக்ஸ்எல்ஆர் ஒயரைப் பார்த்திருப்பீர்கள். முனையில் மூன்று பின் இருக்கும். உள்ளே ஒரே பாட்டு இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று எதிர்மாறாகப் போகும். வழியில் நுழையும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக் கொள்வதால் பாட்டு நிற்கும், இரைச்சல் கழிந்துவிடும். இது டெலிபோன் காலத்து யோசனை. இரண்டு கம்பிகளை முறுக்கி அனுப்பும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டே காப்புரிமை பெற்றார். ஆனால் நல்ல ஒயர் போட்டும் இரைவதும் உண்டு. ஒயரின் வலையைக் கருவிக்குள் எங்கே இணைக்கிறார்கள் என்பதில் உள்ள தவறே அதற்குக் காரணம் என்று நீல் மன்சி என்ற ஆடியோ நிபுணர் 1995ஆம் ஆண்டு விரிவாக எழுதினார்.

லேப்டாப்பை எக்ஸ்எல்ஆர் ஒயரோடு சேர்க்க டிஐ பாக்ஸ் என்ற கருவி வேண்டும். லேப்டாப் ஒயர் இதில் நுழைந்து, மைக் ஒயராக வெளியே போகும். இதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இரைந்தால் அதை மாற்றிப் போடுங்கள். அது ஆடியோ ஒயரின் கிரவுண்டை மட்டும்தான் துண்டிக்கிறது. மின்சார எர்த்தைத் தொடுவதில்லை. எனவே பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

டிஐ பாக்ஸ் இல்லாமல், கடையில் கிடைக்கும் ஹெட்போன் ஜாக் - எக்ஸ்எல்ஆர் ஒயரை மிக்ஸரின் மைக் இணைப்பில் நேரடியாகச் செருகுபவர்கள் உண்டு. ஆலங்குடி பக்கம் ஒரு பள்ளி விழாவில் வாத்தியம் எல்லாம் முழங்க, பாடகர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. காரணம் இந்த ஒயர்தான். இடது, வலது என்ற இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆரின் இரண்டு கம்பிகளில் போகின்றன. மிக்ஸர் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறது. பாடகர் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும். சமமானது கழிந்துவிடுமே! அத்துடன் மிக்ஸரில் பேன்டம் பவர் என்ற 48 வோல்ட் சுவிட்ச் போட்டிருந்தால் லேப்டாப்பின் ஹெட்போன் பகுதியே பழுதாகலாம். அந்தச் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே இணையுங்கள்.

விழாவில் கவனிக்க இன்னும் இரண்டு உண்டு. ஒலிக் கருவிகள் எல்லாம் ஒரே பேஸில், ஒரே பாக்ஸில் இருந்து கரண்ட் எடுக்கட்டும். சீரியல் செட், டிம்மர் போட்ட மேடை விளக்கு ஆகியவை வேறு லைனில் இருக்கட்டும். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடச் சொல்லுங்கள்.

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது

பாட்டுக் கேட்கும்போது வரும் இரைச்சலைப் பிறகு சரி செய்து கொள்ளலாம். பதிவு செய்யும்போது வரும் இரைச்சல் பதிவோடு ஒட்டிக் கொள்ளும். அதுவும் பழைய கேசட் என்றால் எத்தனை முறை ஓட்ட முடியும் என்று சொல்ல முடியாது.

குடுமியான்மலைப் பாறையில் இசையையே கல்வெட்டாக வெட்டி வைத்த மண் இது. கஞ்சிராவுக்குப் பெயர் பெற்ற மாமுண்டியா பிள்ளையும், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள்தாம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் கல்லில் இல்லை. பல வீடுகளில் ஒரே ஒரு கேசட்டில் இருக்கின்றன.

திருமயம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மறைந்த தம் தாயார் பாடிய தாலாட்டை இப்படி ஒரு கேசட்டில் வைத்திருந்தார். பேரனின் புது லேப்டாப்பில் ஏற்றியபோது பாட்டை விட 'உம்ம்' சத்தம் பெரிதாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார். நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

டேப் ரிக்கார்டரின் கரண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, பெரிய டார்ச் பேட்டரிகளைப் போட்டோம். லேப்டாப் அடாப்டரையும் கழற்றினோம். இரண்டுமே பேட்டரியில் ஓடியதால் வீட்டு மின்சாரத்தோடு தொடர்பே இல்லை. மோடத்தையும் டியூப் லைட்டையும் நிறுத்தினோம். செல்போன்களை அடுத்த அறையில் வைத்தோம். டேப்பின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டோம். பல வருடமாக ஓடாத கேசட் என்பதால் முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றினோம்.

இப்போது வரும் பல லேப்டாப்களில் லைன் இன் ஜாக் இல்லை. ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த ஒரே ஜாக்தான். மைக் இணைப்பில் டேப்பை நேரடியாகச் செருகினால் சத்தம் உடைந்து வரும், ஸ்டீரியோவும் கிடைக்காது. எனவே லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைப் பயன்படுத்தினோம். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். 2000ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இது தமிழ்ப் பாட்டுக்கும் போதும், பேச்சுக்கும் போதும்.

சி-60 கேசட் ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும். சி-90 என்றால் 45 நிமிடம். பேட்டரி அதுவரை தாங்குமா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். வேவ் பைலாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். ஒரு சி-90 கேசட் முழுவதும் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். கேட்பதற்கு எம்பி3 ஆக ஒரு காப்பி எடுத்துக் கொள்ளலாம்.

'உம்ம்' முழுவதும் போய்விட்டது. டேப்பின் 'உஸ்ஸ்' கொஞ்சம் இருந்தது. ஆசிரியர் அதை அப்படியே மதுரையில் இருக்கும் தம் அக்காவுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் போன் வந்தது. "ஆத்தா குரலு அப்படியே இருக்குடா" என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் பேசாமல் இருந்துவிட்டார்.

சாப்ட்வேரில் இரைச்சலை நீக்கலாமா?

ஏற்கெனவே பதிவான பைலில் இரைச்சல் இருந்தால் ஆடாசிட்டியில் ஓரளவு குறைக்கலாம். பாட்டு இல்லாமல் இரைச்சல் மட்டும் உள்ள ஓரிரு நொடிகளைத் தேர்ந்தெடுங்கள். எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்பதைத் திறந்து கெட் நாய்ஸ் புரொஃபைல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பின் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, மீண்டும் அதே இடத்துக்குப் போய் 6 முதல் 12 டெசிபல் வரை குறைக்கச் சொல்லுங்கள். 'உம்ம்' மட்டும் என்றால் நாட்ச் ஃபில்டரில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் 100 ஹெர்ட்ஸும் கொடுங்கள்.

அதிகமாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகிவிடும். எனவே இதை எப்போதும் காப்பியில் மட்டும் செய்யுங்கள். முதல் பதிவைத் தொடாமல் வையுங்கள். நாளை இதைவிட நல்ல சாப்ட்வேர் வரும்போது அது உதவும்.

சுருக்கமாக

* அடாப்டரைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா? அடாப்டர், எர்த் பிரச்சினை. ஒரே பாக்ஸில் செருகுங்கள். போகாவிட்டால் ஐசொலேட்டர்.
* டிஷ், கேபிள் ஒயரைக் கழற்றினால் நிற்கிறதா? அந்த ஒயர்தான் வளையத்தை உண்டாக்குகிறது.
* 'உஸ்ஸ்' மட்டும் கேட்கிறதா? லேப்டாப் வால்யூமைக் கூட்டி, ஆம்ப்ளிஃபயரைக் குறையுங்கள்.
* நீண்ட தூரம் ஒயர் போகிறதா? டிஐ பாக்ஸும் எக்ஸ்எல்ஆர் ஒயரும்.
* லேப்டாப்பையோ மைக்கையோ தொட்டால் 'சுரீர்' என்று ஷாக் அடிக்கிறதா? உடனே மெயினை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை எதையும் இணைக்க வேண்டாம்.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடச் சோதனையைச் செய்து பாருங்கள். அப்படியே பரணில் கிடக்கும் கேசட் பெட்டியையும் கீழே இறக்கிப் பாருங்கள்.